மாமன் மடி

தங்கச்சி புவனா கண்ணுக்கு,

சேர்வராயன் மலையைக் கட்டிலில் கிடந்தபடியே ஆளும் சக்கரவர்த்தி, உன் அண்ணன் எழுதுவது. போனில் சொன்னால் குரல் காட்டிக் கொடுத்துவிடும்.

முதுகில் ஆபரேஷன் செய்து நரம்பை விடுவித்தாயிற்று என்றார் டாக்டர். விடுதலையான நரம்போ இன்னும் இடுப்பிலிருந்து இடது குதிகால் வரை மின்னலாக ஓடுகிறது. அந்தக் கரண்ட்டைக் கம்பியில் இழுத்துக் கட்டினால் நாகலூரிலிருந்து ஏற்காடு பஸ் ஸ்டாண்டு வரை விளக்கெரியும். நிற்கலாம், படுக்கலாம். உட்கார்ந்தால்தான் உயிர் போகிறது.

உன் குட்டிக்குக் காது குத்த மாமன் மடி வேணுமே! அதனால் அவள் எடைக்குக் காப்பிக்கொட்டையை மூட்டை கட்டச் சொல்லி, மடியில் வைத்து ஒத்திகை பார்த்தேன். காலில் மின்னல் வெட்டியது. மூட்டை உருண்டு விழுந்து அவிழ்ந்துபோனது. மறுநாளும் அப்படியேதான்.

உன் அண்ணி கொட்டையைக் கூட்டி அள்ளிக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, இது கொட்டைங்க, பொறுக்கிக்கலாம். அது புள்ளைங்க."

சக்கரவர்த்தி அன்றோடு ஒத்திகையை நிறுத்திவிட்டார்.

பெரியப்பா மகன் சத்யராஜ் மடியில் அவளை உட்கார வை, சாமி. அவனும் மாமன்தானே. நான் பின்னால் நின்று அவள் தலையைப் பிடித்துக்கொள்கிறேன். கம்பி இறங்கும்போது மட்டும் மலையே அதிர்கிற மாதிரி அவளை அழச் சொல். பின்னால் வேறு யாராவது அழுதால் அது கேட்கக் கூடாது.

சிம்மாசனத்தில் உட்கார முடியாத
உன் அண்ணன்