முன்னிருந்த வக்கீல்

பூந்தமல்லி
12–2–1932

சிரஞ்சீவி பரந்தாமனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அம்மாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம், திருநெல்வேலியில் நீயும் மருமகளும் குழந்தையும் தேகசௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நூம்பல் நிலத்தில் அறுப்பு முடிந்தது. நீ பஞ்சாலைக்காரர்களுக்கு ஜெயித்துக் கொடுத்த கேஸ் பேப்பரில் வந்ததை உன் அம்மா கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். சட்டை எடுக்கப் போனால் உன் பேர்தான் முதலில் கண்ணில் படுகிறது. இருபத்தாறு வருஷமாக மண்டி வியாபாரிகளுக்கும் பஞ்சாயத்து போர்டுக்கும் நாயாய்ப் பேயாய் வாதாடினேனே, என் பேரை யார் கத்தரித்தார்கள்?

நான் நடத்திய போர்டின் சந்தைக் குத்தகைக் கேஸ் தோற்றது உனக்குத் தெரியும். தண்ணீர்த்தொட்டி கட்டித்தர வேண்டும் என்ற நிபந்தனையை ஏலத்தன்று யாரும் சொல்லவே இல்லை என்று குத்தகைதாரர் சாதித்தார், முன்சீப்பும் நம்பிவிட்டார். தீர்ப்பு வந்த நாலாம் நாள் போர்டு பிரசிடெண்டு உலகநாத முதலியார் வீடு தேடி வந்து, அப்பீலுக்கு உம்ம புள்ளையாண்டானை வரச்சொல்லும்யா, அவன் நின்னா செங்கல்பட்டு கோர்ட்டே அதிரும் என்கிறார், என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே. பெற்ற பிள்ளைமேல் பொறாமைப்படுகிறவன் உண்டா என்று கேட்காதே, இதோ நான் இருக்கிறேன். வக்கீலை மாற்றினால் பழைய வக்கீல் சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும் அல்லவா, அதற்காக உன் பேருக்கு எழுதிய புது வக்காலத்தை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். நான் அதை முடிந்துபோன கேஸ் கட்டு ஒன்றில் செருகிவிட்டேன். மறதியால் அல்ல. பதினாறு நாள் ஆயிற்று. நேற்றுத் தூசி தட்டிய குமாஸ்தா வேம்புலி அதை எடுத்துவந்து, இன்னா ஐயா, இது பழைய கட்டுல கீது, அப்பீல் கெடு இன்னும் பத்தே நாளு, கண்டுக்காம கீறீங்களே என்றான். கண்ணாடியைத் தேடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பொறாமை மட்டும் என்றால் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பேனடா. பயமும் இருந்தது. கேஸ் கட்டைப் பிரித்த உடனே என் தவறை நீ கண்டுபிடித்துவிடுவாய். ஏலத்தன்று சந்தை நடுவில் தமுக்கடித்து அந்த நிபந்தனையைக் கூவியவன் துலுக்கானம், ஊரே கேட்டது. நிபந்தனை எழுதிய போர்டு ரிஜிஸ்தர் இருக்கிறதே, தமுக்குக்காரன் கூண்டேறி என்ன பெரிதாகச் சொல்லிவிடப்போகிறான் என்று அவனைச் சாட்சிக்குக் கூப்பிடாமல் விட்டேன். எல்லாம் தலைக்கனம். நேற்று மாலை அவனைப் போய்ப் பார்த்தேன். நீங்க கூப்புடுவீங்கன்னு வேட்டிய தோச்சு வெச்சிகினு இருந்தேன் சாமி என்றான்.

கையெழுத்துப் போட்ட வக்காலத்து இதோடு ரிஜிஸ்தர் தபாலில் வருகிறது, கிடைத்ததும் ரயிலேறு. கழுத்துப்பட்டை இரண்டாக எடுத்துவா, போன தடவை என்னுடையதைக் கட்டிக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை. தீர்க்காயுசாக, என்னைவிடப் பெரிய வக்கீலாக விளங்கு என்று ஆசீர்வதிக்கிறேன், எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. ஒன்றை மறந்துவிடாதே. புதுச் சாட்சிக்கு மனுப் போட்டால், முதலிலேயே ஏன் கூப்பிடவில்லை என்று ஜட்ஜ் கேட்பார். அப்பாவாயிற்றே என்று மழுப்பாதே, கேஸ் போய்விடும். வக்கீல் செய்த தவறு என்றே சொல். பேரை மட்டும் விட்டுவிட்டு, முன்னிருந்த வக்கீல் என்று சொல். நான் கோர்ட்டில் பின்பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜம்புலிங்கம்