சூனியக்காரியின் கை

அன்புள்ள உங்களுக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் நலம். நீங்கள் மேக்கப் போட்ட குழந்தைகள் படத்தை நேற்று மகளோடு பார்த்தேன். திரையில் உங்கள் பெயர் வந்ததும் கைதட்டினாள்.

சூனியக்காரி கையை நீட்டியதும் தட்டல் நின்றுவிட்டது. முழங்கையில் எனக்கிருக்கும் அதே செதில், அதே சிவப்பு.

"அம்மா, இது உன் கைதானே? அப்பா பாத்து வரைஞ்சாரா?"

"படத்துல எல்லாம் சும்மாடி" என்றேன். ஜன்னலோரம் என் கையைத் திருப்பித் திருப்பி நீங்கள் வரைந்தபோது, வைத்தியரிடம் காட்டத்தான் என்று நினைத்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

இப்போது வீட்டுக்குள்ளும் முழுக்கைச் சட்டைதான். அடுப்படியில் வேர்த்தால் அரிக்கிறது, சொறிந்தால் உதிர்கிறது. "தலைய நானே வாரிக்கிறேம்மா" என்கிறாள், மரியாதையாகத்தான்.

உங்களைக் குறை சொல்ல வாய் வரவில்லை. இந்த வேலை உங்களுக்குக் கிடைக்க வேண்டுமென்று விரதம் இருந்தவளே நான்தான்.

இரண்டாம் பாகத்துக்கு என் முதுகைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னீர்கள். முதுகை நானே எடுத்துக்கொள்ள முடியாது. எடுத்துத் தர வீட்டில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். அவளிடம் என்ன சொல்லிக் கேட்கட்டும்?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மனைவி