ஹன்னாவின் பிரியாவிடை ஆட்டம்

செவன் ஹில்ஸ், சிட்னி
20.11.1977

அன்பு மகன் வரதனுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, கடவுள் துணையால் நீயும் மாமியும் வெள்ளவத்தையில் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அம்மா இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சாமிப் படத்தடியில் வைத்தாள். ஆவணிக் கலவரத்துக்குப் பிறகு எத்தனை கடிதம் போட்டும் அசையாமல் இருந்த நீ இப்போதாவது வரச் சம்மதித்தது எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் முதலில் நீ தனியாக வருவதாகவும், ஆறு மாதத்துக்கு மாமியை உன் சிநேகிதன் பியசேன பார்த்துக்கொள்வான் என்றும் எழுதியிருக்கிறாய். அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன் இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன், நீளமாக இருந்தாலும் பொறுத்து வாசி.

என் வேலைத்தலத்தில் ஹன்னா மன்சூர் என்று ஒரு லெபனான்காரர் இருக்கிறார். நான் பம்புகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன், அவர் அவற்றைப் பெட்டியில் அடுக்குகிறவர். ஹன்னா என்பது அம்மாவின் வாயில் அண்ணாவாகிவிட்டது, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரை அண்ணா என்று கூப்பிட்டுச் சோறு போடுகிறாள், அவரும் சிரித்துக்கொண்டு சாப்பிடுவார். போன வருடம் ஒருநாள் மத்தியான இடைவேளையில் கிரேக்கரும் இத்தாலியரும் முற்றத்தில் உதைபந்து ஆடினார்கள். பந்தோடு ஓடிவந்த ஒருவன் ஹன்னாவைச் சுற்றிப் போகப் பார்த்தான். இவர் ஓடவும் இல்லை, இடிக்கவும் இல்லை, ஒரு அடி பக்கவாட்டில் வைத்தார், பந்து இவருடைய காலில் நின்றது. கொழும்பில் எத்தனை வருடம் நான் மத்தியஸ்தனாக விசில் ஊதினவன், எனக்கு அந்த ஒரு அடி போதும். எங்கே விளையாடினீர்கள் என்று கேட்டேன். அன்று தொடங்கி ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னார்.

தகப்பன் பெய்ரூத்தில் பாண் பேக்கரி வைத்திருந்தவராம். பதினேழு வயதில் ஒரு கழகத்தில் முன்வரிசை ஆட்டக்காரனாகச் சேர்ந்திருக்கிறார், இவனுக்குக் கோல் அடிப்பதைவிடப் பந்தைப் பறிப்பதில்தான் சந்தோஷம் என்று கண்ட பயிற்றுநர் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டார். அதன் பிறகு பதினாறு வருடம் அதே கழகம், அதே பின்வரிசை. நாட்டுக்காகப் பதினொரு தரம் ஆடியிருக்கிறார். அடித்த கோல்கள் மொத்தம் மூன்று, அவற்றைப் பற்றிக் கேட்டால் மறந்துவிட்டேன் என்பார். பக்தாத்தில் கொடும் வெயிலில் ஒரு பெரிய அணியைத் தொண்ணூறு நிமிடமும் ஒரு கோலும் அடிக்க விடாமல் மறித்ததை மட்டும் நிமிடம் நிமிடமாகச் சொல்லுவார். “எங்கட பேர் பேப்பரில வாறதெண்டால் நாங்கள் பிழை விட்டிருக்க வேணும்” என்று சிரிப்பார். அந்தக் கதைகளில் எல்லாம் முஸ்தபா என்று இன்னொரு பெயர் வரும். பின்வரிசையின் நடுவில் இவருக்குப் பக்கத்தில் பதினொரு வருடம் நின்றவர். ஹன்னா கிறிஸ்தவர், முஸ்தபா முஸ்லிம், இவர் எழும்பித் தலையால் அடிப்பார், தப்பினதை அவர் பின்னால் நின்று துடைப்பார். அவர் அங்கே நிற்கிறாரா என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை என்றார்.

எழுபத்தைந்தில் முழங்கால் பழுதாகி விலக முடிவெடுத்தபோது, கழகம் மே மாதத்தில் அவருக்குப் பிரியாவிடை ஆட்டம் ஒன்று ஒழுங்கு செய்து, படத்தோடு நோட்டீசும் ஒட்டிவிட்டது. ஏப்ரலில் கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் சண்டை தொடங்கியது. “மேக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்குது, அதுக்குள்ள அடங்கீடும் எண்டுதான் எல்லாரும் கதைச்சனாங்கள்” என்றார். அடங்கவில்லை, நகரம் இரண்டாகப் பிரிந்து இவர் ஒரு பக்கம் முஸ்தபா மறுபக்கம் ஆகிவிட்டார்கள். அடுத்த வருடம் மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சைப்பிரஸ் வழியாக இங்கே வந்தார். வயதான தாயை மட்டும் ஆறு மாதத்தில் கூப்பிடலாம் என்று விட்டுவிட்டு வந்தார், நீ போ, அம்மாவை நான் பார்க்கிறேன் என்று முஸ்தபா சொன்னாராம். சொன்னபடியே வியாழக்கிழமை தோறும் நகரத்தைப் பிரித்த எல்லைக் கோட்டைக் கடந்து வந்து அந்தத் தாய்க்குப் பிரஷருக்கான மருந்துக் குளிசை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த ஓகஸ்டில் ஒரு வியாழக்கிழமை வழியில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். யார் சுட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. குளிசை அவருடைய பையிலேயே இருந்ததாம். அயலவர் ஒருவரைக் கொண்டு தாய் எழுதுவித்த கடிதம் செப்டம்பரில் வந்தது. அதை ஹன்னா வேலைக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார், எனக்கு அரபு வாசிக்கத் தெரியாது என்பது கூட அவருக்கு அப்போது நினைவில் இல்லை.

பரமட்டாப் பக்கத்து லெபனான்காரர்கள் அதற்கு முன்னரே, அங்கே நடக்காத பிரியாவிடை ஆட்டத்தை இங்கே நடத்துவதென்று ஒக்டோபர் முதல் ஞாயிறுக்கு ஒரு மைதானம் எடுத்து, என்னை மத்தியஸ்தனாகவும் கேட்டிருந்தார்கள். இனி நிறுத்திவிடுவார் என்று நினைத்தோம், நிறுத்தவில்லை. அன்று இருநூறு பேர் வந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், ஹன்னாவின் பக்கம் பத்துப் பேர்தான். ஒரு ஆள் குறைவு என்றேன். “குறைவில்லை. அந்த இடத்தில ஆளைப் போட வேண்டாம்” என்றார். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை, விசில் ஊதினேன். எதிரணியினருக்கு விசயம் தெரியாது, அந்த வெளிக்குள்ளால் புகுந்து புகுந்து வந்தார்கள். ஹன்னா பழுதான முழங்காலோடு தன் இடத்தையும் பார்த்து முஸ்தபாவின் இடத்துக்கும் ஓடினார். மூன்று கோல் விழுந்தது. முதலில் சிரித்துக்கொண்டிருந்த சனம் பிறகு மைதானத்தின் ஓரத்துக்கு எழும்பி வந்து நின்றது. ஒருதரம் பந்து அவருடைய தலைக்கு மேலால் போனபோது திரும்பிப் பார்த்தார் மகனே, பதினொரு வருடம் பார்க்காதவர். அப்படியே புல்லில் குந்திவிட்டார். நான் ஆட்டத்தை நிறுத்தினேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்து தேத்தண்ணி கொடுத்தோம். உன்னைப் பற்றி அவருக்குத் தெரியும். கலவரத்தில் சிங்களவனான பியசேன உன்னையும் மாமியையும் மூன்று நாள் தன் வீட்டில் வைத்து, வாசலில் தானே கதிரை போட்டுக் காவல் இருந்ததையும் சொல்லியிருக்கிறேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், “உங்கட மகன் வரட்டும். ஆனால் ஒருத்தரையும் சிநேகிதன்ர கையில விட்டிட்டு வர வேண்டாம். நான் முஸ்தபாவை அந்த ரோட்டில விட்டிட்டு வந்தனான்.” தாயை இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டிருக்கிறார், இன்னும் பதில் இல்லை. இப்போதும் வேலைக்கு வருகிறார், பெட்டி அடுக்குகிறார், பந்தைப் பற்றி மட்டும் கதைப்பதில்லை.

மகனே, நீ தனியாக வா என்று முதலில் எழுதினது நான்தான், அது என்னுடைய பிழை. பியசேன நல்லவன் என்றதால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. மறுபடியும் ஒன்று நடந்தால் அவன் மாமிக்காக வாசலில் இருப்பான், அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள். இரண்டு மாதம் பிந்தினாலும் பரவாயில்லை, மாமியையும் கூட்டிக்கொண்டு வா. அவவுக்குரிய பத்திரங்களை இதோடு வைத்திருக்கிறேன். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைத் தேடி எடு, படம் நான்கு வேண்டும், காது தெரிய எடுக்கச் சொல்லு. அதுவரை இருட்டுவதற்கு முதல் வீட்டுக்கு வந்துவிடு, பஸ்ஸில் ஒருவரோடும் வாக்குவாதம் வேண்டாம். பியசேனவின் தாய்க்கு அம்மா ஒரு கம்பளிச் சால்வை பின்னுகிறாள், தெரிந்தவர்கள் வரும்போது கொடுத்துவிடுவோம்.

மாமி வரமாட்டேன் என்று அடம்பிடிப்பா, எனக்குத் தெரியும். மாமி என் அக்கா என்றாலும், அவவும் உன் அம்மாவும் ஒரு குசினிக்குள் சமைத்துச் சண்டை பிடித்த காலத்தை நீயும் மறந்திருக்க மாட்டாய். ஆனபடியால் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாமிக்கு வாசித்துக் காட்டு. “மச்சாள் வரட்டும். முன் அறையை அவவுக்கு விடுவம். சண்டை பிடிக்கிறதெண்டாலும் இஞ்ச வந்திருந்து என்னோட பிடிக்கட்டும்.” இதைச் சொல்லிவிட்டு அன்று பின்னேரமே அந்த அறையின் யன்னல் சீலைகளைக் கழற்றித் தோய்த்துப் போட்டாள்.

நல்லூர்க் கந்தன் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அப்பா
வ. கதிர்காமநாதன்