பதினோராவது பெயர்

1855, அக்டோபர் 3. யாஷி, மோல்தாவியா.

பிளம் ஜாம் கிண்டி முடிந்தது. கை முழுக்கக் கொப்புளம். இளைய சீமாட்டிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர் புசௌ, எல்லைக்கு அப்பால், வலாக்கியாவில். அவள் அம்மா, பெரிய சீமாட்டிக்குக் கண் மங்கிவிட்டது. கடிதம் படிக்க ஆள் வேண்டுமென்று அவளே அடிமையான எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தாள். சீதனப் பட்டியலும் நான்தான் எழுத வேண்டுமாம்.

அக்டோபர் 5.

வெள்ளிக் கரண்டி, மெத்தை, இரண்டு வண்டி, அப்புறம் அடிமைகள் பதினொரு பேர். பெரிய சீமாட்டி சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியாக, "அடுப்படியில நிக்குமே, அந்தக் குட்டி. பேரை நீயே போட்டுக்கோ" என்றாள்.

இலிங்கா. என் மகள். ஒன்பது வயது. அவள் எனக்குப் பிறந்தவள் என்பதுகூட அந்தப் பொம்பளைக்கு நினைவில்லை.

பேனாவைக் காகிதத்துக்கு மேலே சும்மா அசைத்தேன். எழுதவில்லை.

அக்டோபர் 8.

மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பாதிரியார் பட்டியலை வாசித்தார். பத்துப் பேரோடு நின்றுவிட்டது. சீமாட்டி சீறினாள். "பதினொண்ணுன்னு வாக்குக் குடுத்திருக்கேன். யாரை விட்டுத் தொலைச்சே?"

"ஸ்டாங்காவை விட்டுட்டேம்மா," என்றேன். "சலவைக்காரி சம்ஃபிராவோட மக." அடுப்படிக் குட்டியைச் சொன்னது சீமாட்டிக்கு நினைவில்லை.

வாய் தவறிவிட்டது என்று எழுத வந்தேன். பொய். யோசித்துத்தான் சொன்னேன். சம்ஃபிராவுக்குப் படிக்கத் தெரியாது, யாரிடமும் போய்க் கேட்கமாட்டாள் என்று கணக்குப் போட்டேன். நானெல்லாம் ஒரு மனுஷியா?

அக்டோபர் 14.

வண்டிகள் கிளம்பின. சம்ஃபிரா வாசல் தாண்டியும் ஓடினாள். "ஸ்டாங்கா எப்பம்மா திரும்பி வருவா?" என்றாள் இலிங்கா. போய் விறகு எடு என்று அதட்டினேன்.

நவம்பர் 20.

சம்ஃபிரா என்னோடு பேசுகிறாள். சிரிக்கிறாள்கூட. அதுதான் தாங்கவில்லை.

டிசம்பர் 12.

சட்டம் வந்துவிட்டது! மோல்தாவியாவில் இனி யாரும் அடிமை இல்லை. சமையல்காரர் தோதெர் துள்ளிக் குதித்தார். "இனிமே சீமாட்டியே சோளக் களி கிண்டிக்கட்டும்!" நான் இலிங்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

சம்ஃபிரா மட்டும் கேட்டாள்: "புசௌவுக்கும் இந்தச் சட்டம் உண்டா?"

அது வேறு நாடு. அங்கே செல்லாது.

1856, ஜனவரி 2.

சொல்லிவிட்டேன். சலவைக் கொட்டகையில், அவள் துப்பட்டி முறுக்கிக்கொண்டிருந்தபோது. "அக்கா, போக வேண்டியது என் பிள்ளை."

முறுக்குவதை அவள் நிறுத்தவில்லை. "தெரியும்டி. சீமாட்டி சொன்னப்ப வாசல்ல நின்ன வண்டிக்காரன், வண்டி கிளம்பின அன்னிக்கே சொல்லிட்டான்."

"அக்கா..."

"எனக்கு எழுத்துத் தெரிஞ்சிருந்தா நான் உன் பிள்ளையைத்தான் சொல்லியிருப்பேன். மன்னிப்புக் கின்னிப்புனு வந்தே, காறித் துப்பிருவேன்."

ஜனவரி 9.

சம்ஃபிரா காலையில் அடுப்படிக்கு வந்தாள். இளைய சீமாட்டிக்கு ஒரு கடிதம் வேண்டுமாம். அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். சலவைக்காரி சம்ஃபிரா வருகிறேன். கூலி வேண்டாம். விடுதலைச் சீட்டை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். என் மகள் இருக்கிற வீட்டில் என்னையும் அடிமையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"ஒரு வார்த்தை விடாம எழுதினியா?"

எழுதினேன் என்றேன். படித்துக் காட்டச் சொன்னாள். இரண்டு தடவை படித்தேன். மடித்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு தெற்கே, புசௌவைப் பார்த்து நடந்தாள். பனி முழங்கால்வரை கிடந்தது.