ஃபினிஷ் பண்ணாத வீடு

என்ர பாசமுள்ள அண்ணாவுக்கு,

பாசம் இல்லையெண்டால் எழுதவே மாட்டன். ஆனா கோபம் அதைவிடக் கூட. உங்கட முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்சுது, இனி "செத்த மனுசனைப் பற்றிக் கதையாதை" எண்டு என்னை ஆரும் அடக்க ஏலாது.

ஊருக்கு நீங்கள் இங்கிலீஷ் மாஸ்டர். எனக்கு, நிலாவெளியில என்ர சீதன வீட்டைத் தொடங்கிச் சுவரோட விட்ட ஆள். அப்பா இல்லாத வீட்டில தமையன்தானே கட்டித்தர வேணும்? வீடில்லாத பொம்பிளையை எங்கட பக்கம் ஆர் கேட்டு வருவினம்?

கட்டைபறிச்சானில இருந்து மாப்பிள்ளை பகுதி வந்தது ஞாபகம் இருக்கோ? தேத்தண்ணியைக் கையில வச்சுக்கொண்டு அந்தத் தகப்பன், "வீடு எப்ப மாஸ்டர் ஃபினிஷ் ஆகும்?" எண்டு மரியாதையாத்தான் கேட்டவர். ஒரு மாதத்தைச் சொல்லியிருக்கலாம். நீங்கள் அந்தச் சொல்லுக்குப் பூர்வீகம் சொல்லத் தொடங்கினீங்கள். லத்தீனில அது எல்லையாம். பிரெஞ்சுக்காரரிட்ட இருந்து இங்கிலீஷுக்கு வந்ததாம். வேலையை முடிக்கிறதுக்கும் அதுதானாம், கோப்பையில கிடக்கிற சோத்தை வழிச்சுத் தின்னுறதுக்கும் அதுதானாம், ஒரு ஆளைக் கொல்லுறதுக்கும், மேசைக்கு வார்னிஷ் பூசி மினுக்கிறதுக்கும் அதேதானாம். அந்த மனுசன் பொறுமையாக் கேட்டிட்டு எழும்பிப் போனவர். திரும்பி வரேல்லை. நான் குசினிக்குள்ள நிண்டு எல்லாத்தையும் கேட்டனான்.

பிறகு வந்தவையும் மொட்டைச் சுவரைப் பாத்திட்டுப் போட்டினம். உங்கட வீட்டுக்கு மட்டும் மேல்மாடி எழும்பினது.

இப்ப செய்தியைக் கேளுங்கோ. போன கிழமை உங்கட மனுசி மகளையும் கூட்டிக்கொண்டு வந்தவ. பிள்ளைக்குத் தம்பலகாமத்தில சம்பந்தம் பொருந்தியிருக்காம். அந்த நிலாவெளி வீட்டுக்குக் கூரையைப் போட்டு அவளுக்குக் குடுப்பமாம். காணி உறுதி என்ர பேரில இருக்கிறதால நான் கையெழுத்து வச்சால் காணுமாம். இந்த வயசில எனக்கு வீடு என்னத்துக்காம்.

பிள்ளை நிலத்தையே பாத்துக்கொண்டு இருந்தாள். உங்கட முகம் அவளுக்கு. மனம் கொஞ்சம் இளகினதுதான், நான் ஏன் பொய் சொல்ல வேணும். ஆனா ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்.

"அப்ப என்ர கலியாணம், மாமி?" எண்டு கேட்டு அழுதாள்.

"உன்ர வயசில நானும் இப்பிடித்தான் அழுதனான்" எண்டு சொல்லிக் கதவைச் சாத்தினனான்.

அவளில என்ன பிழை எண்டு கேப்பியள். ஒரு பிழையும் இல்லை. என்னில என்ன பிழை இருந்தது, அண்ணா?

சீனன்குடாக் கந்தோரில வேலைபாத்து உழைச்ச காசு கையில இருக்கு. மேசனுக்குச் சொல்லியாச்சு, வாற மாதம் கூரை ஏறும். நான் தனியக் குடிபோவன். பால் காய்ச்சுற அண்டைக்கு உங்கட மகளும் வந்து, மற்றச் சனத்தோட இருந்து சாப்பிட்டிட்டுப் போகட்டும். இது உங்கட மேல சத்தியம்.

இப்பிடிக்கு,
நீங்கள் கட்டிக் குடுக்காத தங்கச்சி