நான் மூடியதாக எழுதிக்கொடுத்த கிணறு

மார்ச் 3
பள்ளிக்கூட மைதானத்தில் எரிவாயு வாடையாம். பிள்ளைகளுக்குத் தலைவலி, பள்ளிக்கு விடுமுறை. பழைய எண்ணெய்க் கிணறு ஒன்று மண்ணுக்குள் கசிகிறது என்று பால்கடையில் பேச்சு. தோண்டிய கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. இனி அடைப்பது அரசாங்கச் செலவு.

வயிறு சரியில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மார்ச் 4
அந்தக் கம்பெனியில் மேற்பார்வையாளனாக இருந்தவன் நான். அடிவரை சிமென்ட் இறக்கி மூடியாயிற்று என்று கையெழுத்துப் போட்டவனும் நான்தான். இறக்கியது நாலே மூட்டை. கிணற்றின் வாயை மூட ஒரு தகடு, மேலே மண். "போடுய்யா, யார் தோண்டிப் பாக்கப் போறா?" என்றார் மேலாளர். போட்டேன். மகள் பிறந்த மாதம் அது. வேலை போயிருந்தால்—
இது காரணமா, சாக்கா?

மார்ச் 9
அரசாங்க ஆட்கள் மைதானத்தில் நாலாவது குழியும் வெட்டிவிட்டார்கள், கிணற்றுக் குழாய் அகப்படவில்லை. வரைபடத்தில் கம்பெனி குறித்த இடமே தப்பு. ஒதுக்கிய பணத்தில் பாதி தேடுவதிலேயே கரைகிறதாம். ஊரார் கட்டிய வரி.

எனக்கு இடம் தெரியும்.

மார்ச் 10
மனைவியிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பக்கம் போனா ஏன் சுத்திக்கிட்டுப் போறீங்கன்னு இப்பத்தான் புரியுது," என்றாள். மடித்ததை அலமாரியில் வைத்துவிட்டு, "ஊர் நாலு வார்த்தை பேசும். பேசட்டும். காலைல நானும் வரேன்."

மார்ச் 11
கிணற்றைத் தேடும் வேலையைப் பார்க்கும் அரசாங்கப் பொறியாளர் அம்மாவிடம் இருவரும் போனோம். முழுக்கக் கேட்டுவிட்டு எழுதித் தரச் சொன்னார். எழுதினேன், இந்த முறை உள்ளது உள்ளபடி. வழக்கு வருமா என்றேன்.

"வரலாம், ஐயா. அது என் கையில இல்ல. இடத்தைக் காட்டுங்க."

பள்ளியின் சைக்கிள் கொட்டகைக்கு அடியில் என்று காட்டினேன். மதியத்துக்குள் தகடு தட்டுப்பட்டது.

மார்ச் 12
பால்கடையில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 6
அடைத்து முடித்தார்கள். குமிழி வருகிறதா என்று மூன்று நாள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஒன்றுகூட இல்லை. பள்ளி திங்கட்கிழமை திறக்கிறது.

ஏப்ரல் 19
பொறியாளர் அம்மா வீட்டுக்கே வந்தார். கையில் சுருட்டிய வரைபடம். அதே கம்பெனி விட்டுப்போன கிணறுகள் இன்னும் பதினொன்று. எல்லாவற்றுக்கும் குழி வெட்டித் தேடினால் கஜானா தாங்காது என்றார்.

"விசாரணை அது பாட்டுக்கு நடக்கும், ஐயா. அதுல உங்களுக்காக நான் எதுவும் சொல்ல முடியாது. ஆனா இந்தப் படத்துல எது நிஜம், எது பொய்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

மனைவி மேஜையைத் துடைத்து இடம் பண்ணினாள். ஏழு புள்ளிகளை அடித்துவிட்டு, சரியான இடத்தில் குறித்தேன். மற்ற நாலும் சரி.

இடங்களை நேரில் காட்ட நாளைக் காலை ஏழு மணிக்கு ஜீப் வருகிறது. இவளும் வருவாளாம்.