படையலுக்குப் போன சோடாக் கறி

ஐயா சுருளிவேலு, உங்கப்பா என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார், என் சோடாக் கறியைத் தூக்கி உன் அத்தை கையில் கொடுத்துவிட்டார்!

பதறாதே, உடம்புக்கு எல்லாரும் சுகம்தான், நீயும் கொழும்பில் ஓட்டல் அடுப்படியே கதியென்று கிடக்காமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க சுருளி வேலப்பர் துணை. ஏலக்காய் எடுக்க ஆளெல்லாம் குரங்கணி மலை ஏறிவிட்டார்கள், உன் தங்கச்சி கருத்தம்மாவும் போயிருக்கிறாள், அட்டைக் கடிக்குப் புகையிலை கட்டிக் கொடுத்தேன். எழுதித் தர ஆளில்லாமல் நானே எழுத்துக் கூட்டி எழுதுகிறேன், சிரிக்காதே.

பொங்கலுக்கு வந்தபோது, முத்தல் கறி வேகாவிட்டால் கொஞ்சம் சோடா போடு ஆத்தா என்று சொல்லிவிட்டுப் போனாயே, அது வெள்ளைத் தூள் என்று எனக்கென்ன தெரியும், கடையில் கோலி சோடா வாங்கி கோலியைத் தட்டி அப்படியே கறிச்சட்டியில் கவிழ்த்துவிட்டேன். புஸ்ஸென்று பொங்கி அடுப்பே அணையப் பார்த்தது, ஆனால் கிழட்டுக் கெடாக் கறி பஞ்சாக வெந்தது ஐயா! அப்புறம் எனக்குக் கை நிற்கவில்லை. மொச்சைக் குழம்பில் காப்பித் தண்ணி ஊற்றினேன், அருமை. கருவாட்டில் பச்சை ஏலக்காய் தட்டிப் போட்டேன், அதை நாய்கூட மோந்துவிட்டுப் போய்விட்டது.

ராசிங்காபுரத்துக் குலசாமிக்குக் கெடா வெட்டினால் படையல் கறியை ஒரே ஒருத்திதான் ஆக்க வேண்டும், வருசம் பூராவும் ஊர் அவள் பேரைச் சொல்லித்தான் அந்தக் கறியைப் பேசும் என்பது உனக்குத் தெரியும். வாக்கப்பட்டு வந்த நாளாக எனக்கு அந்த அடுப்பு கிடைத்ததில்லை. இந்தத் தடவை, அடுப்பு யாருக்கு என்று சொல்கிற பூசாரி கன்னையன் ருசி பார்க்கட்டும் என்று ஒரு சட்டி சோடாக் கறியை உங்கப்பாவிடம் கொடுத்துவிட்டேன். மனுசன் என்ன செய்தார் தெரியுமா, இது என் தங்கச்சி ஜக்கம்மா ஆக்குனது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்! பக்குவத்தையும் அவளிடம் சொல்லிவிட்டார். நான் கரண்டியும் கையுமாகப் போய் நிற்கிறேன், படையல் அடுப்பில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் சோடா பாட்டில் வரிசையாக நிற்கிறது. "வாங்க மதினி, வெங்காயம் உரிக்க ஆள் பத்தல, செத்த உக்காருங்க" என்கிறாள்.

உங்கப்பாவை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவ ரெண்டு வருசமா மூஞ்சியத் தூக்கிக்கிட்டு வீட்டுப் பக்கம் வரலைல்ல, அதான். அவ என்ன வேத்தாளா?" என்றார். "அப்ப நான் வேத்தாளா?" என்றேன். மனுசன் பந்தியில் போய் உட்கார்ந்து, "ஜக்கம்மா, இன்னும் ரெண்டு துண்டு கொண்டா" என்று கேட்டு வாங்கித் தின்றார். ஊரே தலையாட்டித் தின்றது. அதே கறி, அதே ருசி, என் பேர் மட்டும் இல்லை. நான் வெங்காயம் உரித்தேன் ஐயா.

அங்கே இருக்கிற நம்ம சிலமலை, ராசிங்காபுரத்துப் பிள்ளைகளை எல்லாம் ஒருநாள் கூப்பிட்டு வைத்து இந்தக் கறியை ஆக்கிப் போடு. மசாலா வதங்கின பிறகு சோடாவை ஊற்று. தின்றவர்கள் எல்லாரும் இது சுருளிவேலு ஆத்தா ராக்கு கண்டுபிடித்த கறி என்று அவரவர் வீட்டுக்கு எழுதட்டும். நீ தீர்க்காயுசாக இரு, எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. வெரசா பதில் போடு, இந்தத் தடவை உங்கப்பா பேருக்குப் போடாதே, என் பேருக்குப் போடு. தபால்காரர் வாசலில் நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும், உங்கப்பா கேட்கட்டும்.

இப்படிக்கு உன்னைப் பெத்த ஆத்தா,
ராக்கு, போடிநாயக்கனூர்